சுத்தமான சளி

நோயில்லாத நெஞ்சுக்குத் திண்டிவனத்தில் விலை, கப் ஒன்றுக்கு இருபது ரூபாய். சுமைகூலி மேஸ்திரி ஐம்பதில்தான் ஆரம்பித்தார். முப்பத்திரண்டு மொத்தமாக எடுக்கிறவனிடம் சில்லறை விலை சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நாலடி நடந்து, பின்னாலிருந்து கூப்பிட்ட குரலுக்குக் காது கேளாதவன்போல் இன்னும் இரண்டடி நடந்து, பிறகு திரும்பி வந்து இருபதில் முடித்தவன் புகழேந்தி. அந்த வியாபாரம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. வாங்கிய சரக்கு அன்றைக்கே விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் எதுவும் கிடையாது.

ஆனால் இன்று ராத்திரி அவன் மேஜைமேல் அதே மாதிரிக் கப் ஒன்று உட்கார்ந்திருந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் கப். திருகு மூடி. பக்கவாட்டில் ஒட்டிய வெள்ளைத் தாளில் நீல மையால் 'கிருஷ்ணசாமி, கட்டில் 7' என்று எழுதியிருந்தது. தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தான். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் கப் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ கையிலிருந்து வாங்கிய மாதிரி.

கிருஷ்ணசாமி ஐப்பசியில் செத்துப்போனார்.

"யோவ் அப்பாதுரை! இத யாருய்யா இங்க வெச்சது?"

வாட்ச்மேன் அப்பாதுரை தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையிலிருந்து வந்து நின்றார். "எத சார்?"

"இந்தக் கப்ப."

"நான் வெக்கல சார். எனக்குத் துப்பணும்னா ரோடு கெடக்குது. கப்பு எதுக்கு?"

புகழேந்தி கப்பைக் குப்பைக்கூடையில் எறிந்தான். விழுந்த சத்தம் காலிக் கப்பின் சத்தமாக இல்லை.

இது வீடற்றவர்களுக்கான இரவுத் தங்குமிடம். பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் மல்லாட்டை குடோன், வேர்க்கடலை மூட்டை அடுக்கிய இடம். ஜன்னல் கிடையாது. கூரையோரம் இரண்டு காற்றுத் துவாரங்கள் உண்டு. சாரல் அடிக்கிறது என்று அவற்றிலும் சாக்கை அடைத்துவிட்டான் மேனேஜர் புகழேந்தி. முப்பத்திரண்டு கட்டில். பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர்கள், பிள்ளைகள் விரட்டியவர்கள், கரும்பு வெட்ட வந்து ஊர் திரும்ப வழியில்லாதவர்கள். ஒருவர் விட்ட மூச்சுதான் பக்கத்துக் கட்டிலுக்குக் கிடைக்கும் காற்று. ஆவணியில் இருமல் ஒரு கட்டிலில் ஆரம்பித்தது. நல்ல சரக்கு மாதிரி வேகமாகக் கைமாறியது.

விழுப்புரத்திலிருந்து சுகாதாரப் பணியாளர் அன்புச்செல்வி வந்தாள். முப்பத்திரண்டு கப்பிலும் பெயர் எழுதி ஒட்டினாள். "காலைல எழுந்ததும் வாய கொப்புளிச்சிட்டு, அடிநெஞ்சிலருந்து காறிக் குடுக்கணும் சார். எச்சில் வேணாம். சளி" என்று சொல்லி ராத்திரியே கப்புகளைப் புகழேந்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு, தங்குமிடத்தை நடத்தும் அறக்கட்டளைச் செயலாளரின் போன் வந்தது. "டி.பி. ஒண்ணு வந்தாலும் குடோன் ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவான். அப்புறம் கான்ட்ராக்ட்டும் இல்ல, நீயும் இல்ல. பாத்து பண்ணு."

பார்த்துத்தான் பண்ணினான். விடியற்காலை ஐந்து மணிக்கு, தரை கழுவ வேண்டும் என்று முப்பத்திரண்டு பேரையும் ரோட்டுக்கு ஓட்டினான். கப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்கள் கூடும் இடத்துக்குப் போனான். மலை மாதிரி நெஞ்சுள்ள ஆட்கள். சிரித்துக்கொண்டே காறிக் கொடுத்தார்கள். ஒருத்தன் மூன்று கப் கொடுத்து அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, இதே மாதிரி தினமும் வேலை இருந்தால் சொல்லுங்கள் என்றான்.

முப்பத்திரண்டு பேருக்கும் நோயில்லை என்று சீட்டு வந்தது. புகழேந்தி ஒரு சீட்டைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டினான். யாராவது இருமினால் அதைக் காட்டுவான். "கவர்மென்ட்டே சொல்லிட்டான், ஒனக்கு ஒண்ணுமில்லன்னு. அப்புறம் இன்னா நடிப்பு?" அதற்குமேலும் இருமினால் வெளியே தள்ளுவான். சோதனை இலவசம். மாத்திரை இலவசம். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைப்பது ஏழைக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள இந்த நாட்டில் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கிறது.

பதினொரு பேர் செத்தார்கள். பஸ் ஸ்டாண்டில், கோயில் மதில் ஓரத்தில், மேம்பாலத்துக்குக் கீழே. கண்டாச்சிபுரத்துக் கிருஷ்ணசாமி விழுப்புரம் ஸ்டேஷன் பெஞ்சில். ஒருத்தர்கூட இந்தக் கூரைக்கடியில் சாகவில்லை. அதில் புகழேந்திக்கு ஒரு பெருமையே இருந்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். செத்தவர்கள், துரத்தப்பட்டவர்கள் போக உள்ளே ஒன்பது பேர்தான் மிச்சம். பாக்கிக் கட்டில்களுக்கு ஆள் அனுப்ப அதே மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் தலைக்கு நூறு. அறக்கட்டளை முப்பத்திரண்டு புதுப் படுக்கை விரிப்பு அனுப்பியிருந்தது. ஆபீசர் கார் கிளம்பியதும் மடித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதைக் காவல் காக்கத்தான் புகழேந்தி இன்றைக்கு இங்கேயே தங்குகிறான்.

"சார், நீங்க தொரத்துன லூர்துமேரி கேட்டாண்ட வந்து நிக்குது" என்றார் அப்பாதுரை. "நனைஞ்சிக்கினு நிக்குது. ஒரு ராத்திரிதான் கேக்குது."

"அவ இருமுறத ஆபீசர் கேட்டா என் வேல போச்சு, ஒன் வேலயும் போச்சு."

"நோவுல கெடக்குற ஜனத்துக்குத்தான சார் எடம் குடுக்கணும்? நல்லா இருக்கிறவன் எதுக்கு இங்க வர்றான்?"

"நாயம் பேசாதய்யா. கேட்டப் பூட்டு. சாவிய எடுத்துக்கினு வூட்டுக்குப் போ. காலைல ஆறு மணிக்கு வந்து தெற."

"சாவி உள்ள ஒண்ணு இருக்கட்டுமே சார்? அவசரம்னா..."

"போன வாரம் ஆணியில மாட்டியிருந்தத எடுத்து அவளுக்குத் தெறந்துவுட்டாங்க இல்ல? என் பையில வெச்சாலும் தூக்கத்துல உருவிடுவாங்க. எல்லாம் களவாணிப் பசங்க. எடுத்துக்கினு போ ஜல்தி."

அப்பாதுரை சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒங்க இஷ்டம்" என்றார். சங்கிலி இரும்புக் கம்பிகளில் உரசிக் கரகரத்தது. பூட்டு விழுந்தது. அவருடைய சைக்கிள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து, மழை மட்டும் மிஞ்சியது. மழைக்கு நடுவே கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பெண்ணின் இருமல். இருமி முடித்து, "சாரு... ஓரமா ஒக்காந்துக்கிறேன் சாரு..."

புகழேந்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. அன்புச்செல்வி.

"சார், நாளைக்கு ஆபீசரோட நானும் வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். கிருஷ்ணசாமின்னு ஒருத்தர் இங்க பிளாட்பாரத்துல செத்தாரு இல்ல? அவர் சட்டப் பையில நம்ம சீட்டு இருந்துச்சாம். நோயில்லன்னு. ஆனா ரத்தமா கக்கித்தான் செத்திருக்காரு. எப்பிடி சார்?"

"வயசு மேடம். வயசாச்சுன்னா ஆயிரம் வரும்."

"நான் வந்தன்னிக்கு உள்ள அத்தன இருமல் கேட்டேன். முப்பத்திரெண்டுல ஒண்ணுகூட வரலன்னா நம்ப முடியல சார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மறைக்காம சொல்லுங்க. அந்தச் சளி அவங்களோடதுதானா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. இருக்கிறவங்களுக்கு நாளைக்கே திரும்ப எடுத்து மாத்திர ஆரம்பிச்சிடலாம். பொழச்சுக்குவாங்க சார்."

ஒரு வார்த்தை போதும். ஒன்பது பேர் உள்ளே, ஒருத்தி கேட்டில். பத்து உயிர் ஒரு பக்கம். பதினாலாயிரம் சம்பளமும் ஒரு பைக் தவணையும் மறு பக்கம். தராசு பிடித்த குடும்பத்தில் பிறந்தவன். முள் எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்கக்கூட இல்லை.

"அவங்களோடதுதான் மேடம். என் கண்ணு முன்னாடி துப்பினாங்க."

அவள் உடனே கேட்டாள், "பின்னாடி யாரோ இருமுறாங்களே சார்?"

"அது ரோட்டுல."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ரோடு அவனுக்கு எதிரில் இருக்கிறது. இருமல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கரண்ட் போயிற்று.

மின்விசிறி சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றதும், தகரக் கூரையில் மழை மல்லாட்டையைக் கொட்டுவதுபோல் விடாமல் கொட்டுவதும், சுவரில் ஊறிய ஈரம், பழைய சாக்கு, எத்தனை கழுவியும் போகாத பருப்புத் தூசி எல்லாம் இருட்டில் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறுவதும், அவற்றுக்கு அடியில் துருப்பிடித்த இரும்பை நக்கியதுபோல் இன்னொரு வாடை மெதுவாக எழும்புவதும் அவனுக்குத் தெரிந்தது. நடுச் சுவருக்கு அப்பால் கட்டில்கள் இருந்த கூடத்தில் யாரோ இருமினார்கள். அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொருவர்.

அவன் அப்பா மல்லாட்டைத் தரகர். ஒரு கை காயை அள்ளிக் காதருகே குலுக்கியே, மூட்டைக்கு எத்தனை பொக்கு, பருப்பில்லாத காய், என்று சொல்லிவிடுவார். அந்தக் காது மகனுக்கும் வந்திருந்தது. இங்கே வந்த நாளிலிருந்து ஆளைப் பார்க்காமல் இருமலை வைத்தே கட்டில் எண்ணைச் சொல்வான். யாரை எப்போது வெளியேற்றுவது என்று தீர்மானிக்க அது வசதியாக இருந்தது.

இப்போதும் அந்தக் காது தானாக எண்ண ஆரம்பித்தது.

முதலில் இரண்டு சின்னது, பிறகு ஒரு நீளம். முகையூர்க்காரர். கட்டில் பத்தொன்பது. மேம்பாலத்துக்குக் கீழே செத்தவர்.

சத்தமே இல்லாமல் காற்று மட்டும் கிழிகிற இருமல். வாய் பேசாத பெரியவர். கட்டில் மூன்று. கோயில் மதில்.

காய்க்குள் பருப்பு சுருங்கிப்போய்க் கடகடவென்று ஆடுகிற இருமல்.

கட்டில் ஏழு.

புகழேந்தி போன் வெளிச்சத்தைப் போட்டான். மேஜைமேல் கப் இருந்தது. குப்பைக்கூடை அப்படியே கவிழாமல் இருந்தது. கப்பின் மூடி திறந்திருந்தது.

உள்ளே இருக்கிற ஒன்பதும் சேர்ந்துகொண்டு நம்மிடம் விளையாடுகின்றன என்று நினைத்தான். அப்படி நினைக்கக் கோபம் வந்தது. கோபம் கொஞ்சம் தெம்பாக இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் போனான்.

"எவன்டா அது? காலைல ஒருத்தனும் உள்ள இருக்க மாட்டீங்க. சொல்லிட்டேன்."

வெளிச்சம் சுவரோடு நகர்ந்தது. ஒன்பது பேரும் கட்டிலில் இல்லை. கடைக்கோடிச் சுவரில் முதுகு ஒட்ட வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் துண்டோ முந்தானையோ அழுத்தியிருந்தது. ஒன்பது ஜோடிக் கண்கள். அவை அவனைப் பார்க்கவில்லை.

"யாரு இருமினது?"

குப்பம்மாள் முந்தானையை விரல் அளவுக்கு விலக்கினாள். பஸ் ஸ்டாண்டில் பூ கட்டி விற்றவள். "நாங்க இல்ல சார். இருமினா வெளிய தள்ளிடுவீங்கன்னு வர்றத முழுங்கிக்கினு கெடக்குறோம். நாலு மாசமா அதான் பண்ணிக்கினு இருக்கோம்."

"அப்புறம் யாரு?"

"அவங்கதான்."

"எவங்க?"

"நீங்க கப்ப எடுத்துக்கினு போனீங்களே சார், அதுல செத்தவங்க." அவள் முந்தானையை மறுபடி அழுத்திக்கொண்டாள்.

புகழேந்தி வெளிச்சத்தைத் திருப்பினான்.

புது விரிப்புகள். கஞ்சி மொடமொடப்பு மாறாமல், மாலையில் அவனே சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டவை. கட்டில் மூன்று. விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம். ஆள் உட்கார்ந்தால் விழுகிற பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் இறங்கியது. கட்டில் ஏழு. பத்தொன்பது. இருபத்திரண்டு. பள்ளம், பள்ளம், பள்ளம். ஸ்பிரிங் முனகியது. ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும், ஆளில்லாத உயரத்திலிருந்து, வாயில்லாத இடத்திலிருந்து, இருமல்.

பதினொன்று.

ஓடினான். நடைவழி. ஈரத்தில் வழுக்கியது. சுவர். கதவு. மழை முகத்தில் அறைந்தது. கேட்டைப் பிடித்து உலுக்கினான். சங்கிலி குலுங்கியது. பூட்டு அசையவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் லூர்துமேரி. பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தவள் எழுந்தாள்.

"என்னிய உள்ள வுட வேணாம் சாரு" என்றாள். அவளுடைய பார்வை அவன் தோளுக்குப் பின்னால் போயிற்று. "நீ வெளிய வா. ஜல்தி வா."

"சாவி... சாவி இல்ல."

"ஐயோ" என்றாள் அவள். அத்தனை நாள் அவளைத் துரத்தியவனுக்காக, அவ்வளவு உண்மையாக, "ஐயோ சாரு."

அப்பாதுரைக்குப் போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப். கேட்டின் உச்சியில் ஈட்டிக் கம்பி, மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. உள்ளே இருக்கிறவர்கள் ஏறிக் குதித்துவிடக் கூடாது என்று அவன்தான் பதிக்கச் சொன்னான்.

பின்னால் தண்ணீரில் காலடி. ஒன்று இல்லை. செருப்பில்லாத கால்கள். அவசரமே இல்லாமல். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் ஆபீஸ் வாசலிலும் நின்று நின்று பழகியவர்களின் நடை. வரிசை கலையாமல்.

அவன் திரும்பவில்லை. கம்பிகளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சார்." கிருஷ்ணசாமியின் குரல். கோபம்கூட இல்லாத குரல். "காலைல எழுந்ததும் குடுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு சார். எழுந்து வந்து பாத்தா எங் கப்பக் காணோம்."

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. தோல் எலும்போடு ஒட்டிய கை. விரல்களில் பிளாஸ்டிக் கப். நீல மை மழையில் கரையவில்லை.

"எம் பேருக்கு நீங்களே குடுத்துடுங்க சார்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. வெந்நீர் மாதிரி. மேலே ஏறியது. போன் கையில் அதிர்ந்தது. அன்புச்செல்வி. விரல் தானாக அழுத்தியது.

"சார், மனசு கேக்கல. அந்த இருமல்... ரோட்டுல கேட்ட மாதிரி இல்ல சார். உண்மைய சொல்லுங்க. அது யாரு?"

சொல்லிவிடத்தான் நினைத்தான். மேடம், அது மூட்டைக்காரர்கள் சளி. மேடம், உள்ளே ஒன்பது பேர் இருக்கிறார்கள். வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது. முதலில் இரண்டு சின்னது. பிறகு ஒரு நீளம். அவனுடையது இல்லை அது. பிறகு சத்தமில்லாமல் காற்று. பிறகு கடகடவென்று பொக்கு. ஒவ்வொன்றாக. அவன் தொண்டை வழியாக. பதினொன்றும்.

"சார்? சார்! எத்தன பேரு அங்க? ஐயோ, எத்தன பேருக்கு இருக்குது?" நாற்காலி தள்ளுகிற சத்தம். "மாத்தி அனுப்பியிருக்கீங்க, தெரிஞ்சு போச்சு. நான் இப்பவே கௌம்பி வர்றேன். கப்பு எடுத்துக்கினு வர்றேன். ஒருத்தரையும் வெளிய அனுப்பாதீங்க. ஒரு மணி நேரம், ஒரே மணி நேரம்..."

போன் தண்ணீரில் விழுந்து, வெளிச்சம் அடியிலிருந்து எரிந்தது. லூர்துமேரி கம்பிக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டு, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கப் அவன் உதட்டில் வந்து ஒட்டியது. விளிம்பு சூடு. ஒரு கை அவன் பிடரியை மெல்லக் குனிய வைத்தது.

"எச்சில் வேணாம் சார்" என்றது காதருகே. "அடிநெஞ்சிலருந்து."

காறினான்.

வந்தது வெள்ளையாக இல்லை. கப் நிரம்பியது. மூடி திருகுகிற சத்தம். அந்தக் கை விலகியது. மூச்சு இழுத்தான். பாதிதான் வந்தது. அடுத்த கை. அடுத்த கப். முகையூர்க்காரர். நெஞ்சுக்கூடு உள்ளே மடங்கியது. காறினான். மூடி திருகியது. கால் பாகம் மூச்சு. அடுத்தது பேச முடியாதவருடைய கை. பொறுமையாக. நடுங்காமல்.

காறினான்.

தண்ணீருக்கடியில் போன் வெளிச்சம் இன்னும் அணையவில்லை. மணி பத்து இருபது.

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

ஆள் பதினொன்று. கப் பதினொன்று. நிறைந்தது மூன்று. பாக்கி எட்டு.